மெல்பேர்ண் நகரின் படக்கூண்டு

மெல்பேர்ண் நகருக்குச் செல்வோர் பிளிண்டர்ஸ் வீதிப் புகையிரத நிலையத்தைக் காணாது திரும்புவதில்லை. 1910இற் கட்டி முடிக்கப்பெற்ற அம் மஞ்சள் மாளிகையின் வாயிலிலே கடிகாரங்கள் வரிசையாக விளங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாதையில் அடுத்த வண்டி புறப்படும் நேரத்தைக் காட்டும். நண்பர் ஒருவரையொருவர் சந்திக்கக் குறிக்கும் இடமும் அவற்றின் கீழ்தான். ஆயினும், அந்நிலையத்தில் எம் மனத்தைக் கவர்ந்தது மாளிகையன்று. அங்கு நின்ற சிறு படக்கூண்டே.

திரை ஒன்று, சுழற்றி உயர்த்தக்கூடிய இருக்கை ஒன்று, எதிரே கண்ணாடி. பணத்தைச் செலுத்தி அமர்ந்தால் ஒளி நான்கு முறை பளிச்சிடுகிறது. "நாடியை உயர்த்துங்கள், அசையாதீர்கள்" என்று கட்டளையிட எவருமில்லை. நம்மூர் ஸ்ரூடியோக்களிலே மூச்சை அடக்கியிருந்து பழகிய எமக்கு இச்சுதந்திரம் முதலிற் சங்கடமாகவே இருந்தது. முதற் படத்தில் விறைத்திருந்த முகம் நான்காவதிற் சிரித்துவிட்டது.

இத்தகைய கூண்டை உலகிற் பரவச் செய்தவர் அனற்றோல் ஜோசெபோ. 1894இல் சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரிற் பிறந்து, சங்காயிலே படக்கூடம் நடத்தி, ஈற்றில் அமெரிக்கா சேர்ந்தவர். 1925இல் நியூயோர்க்கின் புரோட்வே வீதியிலே தம் பொறியை நிறுவினார். 25 சதத்துக்கு 8 படங்கள். 8 நிமிடங்களிற் கைக்கு வரும். மக்கள் வரிசைகட்டி நின்றனர். 1927இல் 10 இலட்சம் டொலருக்கு உரிமையை விற்றார்!

நாம் கண்ட கூண்டும் பழைய முறையினதே. அதிலே நெகட்டிவ் என்பது கிடையாது. ஒளி நேரே தாளிற் படுகிறது. அத்தாள் சிறு இரசாயனத் தொட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கியெழுந்து, சில நிமிடங்களில் ஈரம் உலராமலே வெளிவருகிறது. தொலைத்தால் தொலைத்ததுதான். காதலர் அந்நான்கையும் நடுவே கத்தரித்து ஆளுக்கு இரண்டாகப் பகிர்ந்துகொள்வதுண்டு.

ஆளில்லாப் பொறி என்கின்றோம். உண்மையில் அதற்கும் ஓர் ஆள் இருந்தார். அலன் அட்லர் என்பவர் 1970களின் தொடக்கம் முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் மெல்பேர்ண் நகரின் படக்கூண்டுகளைப் பேணி வந்தார். தொட்டிகளைக் கழுவுதல், இரசாயனங் கலத்தல், தாள் மாற்றுதல் எல்லாம் அவர் கையாலேயே நடந்தன. வேலை முடிந்ததும், பொறி செவ்வனே இயங்குகின்றதா என அறியத் தாமே உள்ளே அமர்ந்து படமெடுப்பார்.

2018இல், நிலையத் திருத்த வேலைகளின் பொருட்டுக் கூண்டை அகற்றுமாறு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் வழக்காடவில்லை, தம் துயரை ஒரு தாளில் எழுதிக் கூண்டிலே ஒட்டிவைத்தார். அதைப் படித்த வழிப்போக்கர் வாளாவிருக்கவில்லை. நகர மக்களின் முறையீட்டால் அந்நிலையத்திலேயே கூண்டுக்கு வேறிடம் கிடைத்தது. பின்னர் இளையவர் இருவர் அவரிடம் தொழிலைக் கற்றுப் பொறுப்பேற்றனர்.

அட்லர் 2024 டிசம்பரில், தமது 92ஆம் வயதிற் காலமானார். அவர் பரீட்சார்த்தமாக எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கிலே சேர்ந்திருந்தன. 2025இல் மெல்பேர்ணிலே அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. வாலிபம் கடந்த ஒரு முகம் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக முதுமையெய்துவதை அவற்றிலே காணலாம். பலவற்றில் அவர் சிரித்துக்கொண்டிருக்கின்றார்.