கை உதறல்

நான் குடியை விட்டுவிட்டேன் என்று யாராவது பாராட்டினால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் எங்கே விட்டேன்? கடையை மூடினார்கள். எனக்கு வந்து சேருகிற பாராட்டுகளையெல்லாம் நியாயப்படி அரசாங்கத்துக்கும் ஒரு கிருமிக்கும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். 2020-ஆம் வருஷம் மார்ச் 24-ஆம் தேதி மாலையில் டாஸ்மாக் கடைகளின் ஷட்டர்கள் இறங்கின. அன்றைக்கு எனக்கு வயது 54. என் குடிக்கு வயது 26.

முதல் மூன்று நாட்களைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லப் போவதில்லை. மூன்றாம் நாள் இரவு, வைகையில் வெள்ளம் வந்து கூடத்துக்குள் ஏறிவிட்டதென்று கத்திக்கொண்டே கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் அலமாரியின் மேல்தட்டில் அடுக்கினேனாம். வைகையில் அப்போது மாடு மேய்ந்துகொண்டிருந்தது. மனைவியும் மைத்துனனும் என்னை ஸ்கூட்டரில் நடுவே உட்காரவைத்து, வழிநெடுகப் போலீஸ்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தூக்க மருந்தும், நரம்பில் ஏற்றிய பி-1 வைட்டமினும் என்னைக் கரை சேர்த்தன. இந்தச் சித்தப்பிரமைக்கு 1813-லேயே தாமஸ் சட்டன் என்ற ஆங்கில வைத்தியர் லத்தீனில் ஒரு பெயர் வைத்துவிட்டார். நாள்பட்டுக் குடித்தவன் வைராக்கியம் பேசிக்கொண்டு வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அந்த மாதக் கடைசியில் கேரள அரசு, டாக்டர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று ஓர் உத்தரவே போட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 2-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

"ஆபத்தெல்லாம் தாண்டியாச்சு, இனி பயமில்லை" என்று ஒரு வாரத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆபத்து தாண்டியது வாஸ்தவம். பயம்தான் அதற்கு அப்புறம் ஆரம்பித்தது. நான் எழுத வந்ததும் அதைப் பற்றித்தான்.

காலையில் எழுந்தால் கை உதறும். பேனாவைப் பிடித்து எழுதினால் 'ழ' என்ற எழுத்து கால் ஒடிந்த பூச்சிபோல் தாளில் கிடக்கும். எழுத்தை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளங்காலில் எறும்பு ஊரும். குனிந்து பார்த்தால் எறும்பு இராது. ராத்திரி 3 மணிக்கு யாரோ தோளைத் தட்டியதுபோல் விழிப்பு வரும். சட்டை நனைந்திருக்கும். நெஞ்சு, மாட்டுத்தாவணிக்கு ஓடுகிற மினி பஸ்போல் அடித்துக்கொள்ளும். கூடவே பயம். எதைக் கண்டு பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடன்காரனைக் கண்டு பயந்தால் அவன் தெருமுனை திரும்பியதும் பயம் போய்விடும். இது ஆள் இல்லாத பயம். ஆகையால் போவதற்கு ஆள் இல்லை. அடுக்களையில் குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடும். சில இரவுகளில் கனவில் குடித்துவிடுவேன். எழுந்து உட்கார்ந்து, திருடன்போல் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்ப்பேன்.

நம் ஜனங்களுக்குக் குடிகாரனைத் தெரியும். திருந்தியவனையும் தெரியும், சினிமாவில் அவன் ஒரே பாட்டில் திருந்தி, அடுத்த காட்சியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவான். நடுவிலே கிடப்பவனுக்கு நம்மிடம் பெயரில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிப் பத்துக் குறள் சொன்னார். பத்தாவது குறளில் குடிகாரன் தெளிந்திருக்கிற ஒரு பொழுது வருகிறது. அதுவும், இன்னொரு குடிகாரனைப் பார்க்கிற பொழுது. விட்டுவிட்ட பிறகு முப்பதாவது நாள் கை உதறுகிறவனைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவரைக் குறை சொல்லவில்லை. ஒரு சிறு ஆதங்கம், அவ்வளவுதான்.

என் தாத்தாவுக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, நடுவில் நின்று, மறுபடி புறப்பட்டு, 1948-க்குள் மாகாணம் முழுவதும் வந்துவிட்டது. எங்கள் பக்கம் அது வந்த வருஷத்தைப் பற்றிப் பாட்டி ஒரு கதை சொல்வாள். "ஒங்க தாத்தனுக்கு ஆறு மாசம் காத்துக் கருப்பு அடிச்சுப் போச்சுய்யா. ராத்திரியெல்லாம் முழிச்சு ஒக்காந்திருப்பாரு. வேர்த்து ஊத்தும். வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவக்கூடக் கை நிக்காது. கொடிக்காலுக்குப் போகவே பயந்து கெடந்தாரு." மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், சேவல் அறுத்தார்கள். ஆறு மாசத்தில் பேய் இறங்கிவிட்டது. சேவலுக்குப் பெருமை.

இந்தக் கதையை என் முதல் நாவலில் ஓர் அத்தியாயமாக எழுதினேன். கொடிக்காலில் உலவும் அந்தப் பேயை மெச்சிப் பல வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். 2020 ஏப்ரலில் ஒரு நாள், விடியற்காலை 3 மணிக்கு, நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அது என்ன பேய் என்று எனக்கு விளங்கிற்று. பாவம், தாத்தா. அவருக்கு அதைச் சொல்ல ஆளே இல்லை.

எனக்குச் சொல்ல ஒரு டாக்டர் இருந்தார், டெலிபோனில். "சார், சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல நின்னிருக்கீங்களா?" என்று கேட்டார். மதுரைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! "பின்னால இருந்து கூட்டம் தள்ளும். விழாம இருக்க நீங்க பின்பக்கமாச் சாஞ்சு எதிர்த்துத் தள்ளிக்கிட்டே நிப்பீங்க. கூட்டம் திடீர்னு விலகிட்டா என்ன ஆகும்? மல்லாந்து விழுவீங்க. சாராயம் மூளையை அமுக்கிக்கிட்டே இருந்துச்சு. மூளை 26 வருஷமா எதிர்த்துத் தள்ளிப் பழகியிருக்கு. இப்ப அமுக்குறது போயிருச்சு, தள்ளுறது நிக்கலை. அதுதான் உங்க உதறல், வேர்வை, பயம் எல்லாம். மூளை மெதுவாத்தான் சமாதானமாகும். வாரக் கணக்கு இல்லை, மாசக் கணக்கு. இது வியாதி திரும்புறது இல்லை சார், வியாதி போற சத்தம்."

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவே நடக்கவில்லை. மீனாட்சி கல்யாணத்தைக் கூட்டமில்லாமல் நடத்தி இணையத்தில் காட்டினார்கள்; அழகர் ஆற்றுக்கு வரவில்லை.

திருவிழா நடக்கவில்லை, ஆனால் மே 7-ஆம் தேதி கடை திறந்தது. 43 நாள் கழித்துத் திறந்தவர்கள் வயதுவாரியாக நேரம் ஒதுக்கியிருந்தார்கள். 50-ஐத் தாண்டியவர்களுக்குக் காலை 10 முதல் 1 வரை. முதியோருக்கு முன்னுரிமை! பக்கத்து வீட்டுத் தம்பி மாடிச் சுவர் வழியே எட்டிப் பார்த்துச் சொன்னான்: "ஏண்ணே இப்பிடிக் கெடந்து அவஸ்தைப்படுறீங்க? ஒரு கட்டிங் போட்டா ஒதறல் நின்னுரும்ணே. மருந்து மாதிரி நெனச்சுக்கங்க."

அவன் சொன்னது பொய் என்றால் எனக்குச் சிரமமே இல்லை. அது நிஜம். போட்டால் பத்தாவது நிமிஷம் கை நின்றுவிடும். 'ழ' எழுந்து நிற்கும். அன்று ஒரு பத்திரிகைக்குக் கதை தரவேண்டிய கெடு வேறு. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு மஞ்சள் பையோடு போய் வரிசையில் வட்டத்துக்குள் நின்றேன். முன்னால் நின்ற பெரியவரின் கையில் ரூபாய் நோட்டுகள் இலைபோல் ஆடின. என் கையைப் பார்த்தேன். அதே ஆட்டம்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் தம் நம்பரைக் கொடுத்திருந்தார். திருமங்கலத்துக்காரர், 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்களுக்குப் போகிறவர், குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆனவர். வரிசையில் நின்றபடியே அவரைக் கூப்பிட்டேன். புத்திமதி சொல்வார் என்று பார்த்தால், "எங்கண்ணே நிக்கிறீங்க?" என்றார். சொன்னேன். "கை ஒதறுதா? சரி. 43 நாளு வட்டி கட்டியாச்சு, அசல்லயும் கொஞ்சம் அடைச்சாச்சு. இன்னிக்கு ஒண்ணு போட்டா ஒதறல் நிக்கும். நாளைக்குப் பத்திரத்தை முதல்ல இருந்து எழுதணும். ஒங்க இஷ்டம்ணே. எதுக்கும் பேசிக்கிட்டே இருங்க, நான் வைக்க மாட்டேன்." அவர் பேரனைப் பற்றிப் பேசினார், மல்லிகைப்பூ விலையைப் பற்றிப் பேசினார். வெயில் ஏறிற்று. நான் வட்டத்தை விட்டு எப்போது வெளியே வந்தேன் என்று ஞாபகமில்லை. பின்னால் நின்றவர் சந்தோஷமாக முன்னால் நகர்ந்துகொண்டதுதான் ஞாபகம் இருக்கிறது.

மறுநாளே உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொல்லிற்று. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க, 16-ஆம் தேதி திரும்பத் திறந்தார்கள். நானும் 16-ஆம் தேதி திரும்ப ஒருமுறை பயந்தேன். கதை கெடுவுக்குப் போகவில்லை.

உதறல் நேர்கோட்டில் குறையவில்லை. ஆனியில் நன்றாகத் தூங்கினேன். ஆடியில் மறுபடி 3 மணி விழிப்பு. இரண்டாவது காப்பியை நிறுத்தியதில் நெஞ்சு படபடப்பு கொஞ்சம் அடங்கியது. விடியுமுன் மொட்டை மாடியில் நடந்தேன். யானைமலை இருட்டிலிருந்து முதுகைக் காட்டும்வரை நடப்பேன். எல்லாவற்றையும்விட உதவியது ஒன்று, கேட்டால் சிரிப்பீர்கள். பயம் வந்தால் மனைவியை எழுப்பி, "பயமா இருக்கு" என்று சொல்லிவிடுவேன். 26 வருஷம் சொல்லாத வார்த்தை. அவள் தேற்ற மாட்டாள். "சரி, உக்காருங்க" என்பாள். அப்புறம் கத்திரிக்காய் விலையை ஆரம்பிப்பாள்.

அவளைப் பற்றி இன்னொரு விஷயம் எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் எனக்குக் காப்பி அரை டம்ளர்தான் வந்துகொண்டிருந்தது. பால் தட்டுப்பாடு, ஊரடங்குச் சிக்கனம் என்று நானாகவே நினைத்துக்கொண்டு, கேட்காமல் இருந்துவிட்டேன். புரட்டாசியில் ஒரு காலை. டம்ளர் விளிம்புவரை நுரைத்துக்கொண்டு வந்தது. நான் டம்ளரைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எடுத்தேன். கொஞ்சம் சிந்தியது. மேஜைத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.