பால்வாடி வாசலில் பத்து நிமிடம்

அடி அண்ணாமலையில் யாரும் அங்கன்வாடி என்று சொல்வதில்லை. பால்வாடிதான். பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். ஆதி அண்ணாமலையார் கோயிலில் நின்று கும்பிடுவார்கள். தெருவுக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கட்டடம் அவர்கள் கண்ணில் படாது.

அக்கா மகனுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்" என்று சொல்லாதவர்கள் கிடையாது. பால்வாடியில் சேர்த்த இரண்டாவது வாரம் டீச்சர் அக்காவை வாசலிலேயே நிறுத்தினார்.

"இன்னாம்மா, தட்டு கீழ விழுந்தா எல்லாப் புள்ளையும் திரும்புது. இவன் மட்டும் திரும்பல. ஊட்ல கவனிச்சியா?"

அதோடு விடவில்லை. பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதன் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரவேண்டும். "அந்த வண்டி வர்ற அன்னிக்கு வேலைக்குப் போகாத" என்று தேதி சொன்னார். அங்கிருந்து திருவண்ணாமலை அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை என்று பரிசோதனை சொன்னது. முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் கருவி பொருத்த ஆறு வயது தாண்டக்கூடாது. வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என்று எதை முதலில் வாங்குவது, யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் டீச்சர் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும். தன் பிள்ளைக்கு அதே ஆபரேஷன் செய்த இன்னொரு அம்மாவிடம் கூட்டிப்போய் உட்கார வைத்ததும் அவர்தான். அன்று ராத்திரிதான் அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

இரண்டு சிஸ்டம்களை ஒன்றோடொன்று பேச வைப்பதுதான் என் தொழில். இங்கே திட்டங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி ஆபீஸ், தனி விண்ணப்பம், தனி வரிசை. எல்லாமே, என்ன கேட்பது என்று தெரிந்து வருகிறவருக்காகக் காத்திருக்கின்றன. அக்காவுக்குக் கேட்கத் தெரியாது, பிரச்சினை இருப்பதே தெரியாதே. ஆனால் எதுவும் கேட்காமலேயே தினமும் இரண்டு தடவை அவள் போய் நிற்கிற அரசு வாசல் ஒன்று இருந்தது.

இது டீச்சரின் நல்ல மனசு மட்டுமல்ல. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோதே அதற்கு ஆறு சேவைகள்: துணை உணவு, முன்பருவக் கல்வி, சத்துணவு-சுகாதாரக் கல்வி, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, ஆறாவதாகப் பரிந்துரை. பிள்ளையை, குடும்பத்தை, சரியான இடத்துக்கு அனுப்பி வைப்பது. 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்ததிலிருந்து நம் மனசில் பால்வாடி என்றால் சாப்பாடுதான். முட்டை கண்ணுக்குத் தெரியும், எண்ணிக் கணக்கு எழுதலாம். பரிந்துரையை எப்படி எண்ணுவது?

2021-லிருந்து டீச்சர் கையில் போஷன் டிராக்கர் செயலி இருக்கிறது. வருகை, எடை, உயரம், சத்துமாவு என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். பக்கத்து மையத்தில் பணியிடம் காலியாக இருந்தால் அதுவும் கூடுதல் பொறுப்பாக இவர் தலையில்தான். நெட்வொர்க் வரவில்லை என்று போனைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்கும் நேரம், ஒரு அம்மாவை வாசலில் நிறுத்திப் பேசியிருக்கக்கூடிய நேரம். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பத்து நிமிடப் பேச்சும் வேலைதான் என்று எந்தக் கணக்கும் சொல்வதில்லை.

நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, "பெற்றோருக்கு ஒரு ஆப் பண்ணிரலாம்டா, எல்லா ஸ்கீமும் ஒரே இடத்துல" என்றான். எழுதுவது கஷ்டமில்லை, ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். ஆனால் அக்கா அதில் என்னவென்று தேடியிருப்பாள்? காலிப் பணியிடங்களை நிரப்பி, டீச்சருக்கு வாசலில் நிற்க நேரம் விட்டால், தேடத் தெரியாதவர்களுக்கும் பதில் கிடைக்கும்.