துபாஷி வீடு

எங்கள் மகாராஜபுரத்தில் "பாண்டிச்சேரிக்குப் போகிறேன்" என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, கண்ணைச் சிமிட்டுகிறார்கள். "நடத்துங்க மாப்பிள்ளை!" என்றார் ஒருவர். தாகசாந்திக்காக அல்ல, ஒரு வீட்டைப் பார்க்கத்தான் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சு வீதிகள் அழகானவைதாம். மஞ்சள் சுவர், மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் காகிதப்பூ. துமா வீதியில் காலை வேளையில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கிறது. ஆனாலும் என்னவோ, கல்யாணத்துக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி, வருகிறவர்களுக்காகவே காத்திருக்கும் அழகு அது. ஒரு காலத்தில் வெள்ளையரையும் தமிழரையும் பிரித்து வைத்த பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால்தான் ஊர் மூச்சு விடுகிறது. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில், பெரியவர் ஒருவர் நீளமான பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்து மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டு, "பின்னே, எதிலே தோய்க்கிறதாம்?" என்றார்.

நான் தேடி வந்த வீடும் அந்தப் பக்கந்தான். ரங்கப்பிள்ளை வீதியில், மார்க்கெட்டுக்கு அருகே. கவர்னர் டூப்ளேக்குத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. கீழே நம் முறைப்படி மரத்தூண்கள். மாடியில் ஐரோப்பியப் பாணியில் காரைத்தூண்கள். துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரர். அவர் வீடும் இரண்டு பாஷை பேசுகிறது!

1736 முதல் தம் கடைசிக் காலம் வரை பிள்ளை தமிழிலே நாட்குறிப்பு எழுதினார். வந்த கப்பல், விற்ற சரக்கு, கோட்டையில் போட்ட பீரங்கி, கவர்னர் மனைவிமேல் தமக்கிருந்த ஆத்திரம், எதையும் விடவில்லை. பேச்சும் கணக்கும் கலந்த நடை. பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கோ பொறாமையாயிருக்கிறது.

1761 ஜனவரியில் அவர் கண்ணை மூடினார். சில நாட்களுக்குள் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் படம் பிடிக்கும் வீதிகள் அதன்பின் எழும்பியவை. டூப்ளேயின் பாண்டிச்சேரியில் அன்றாடம் என்ன நடந்தது என்று அறிய, பிரெஞ்சுக்காரர்களும் இந்தத் தமிழ்க் குறிப்பைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அதுவும், 1846-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கண்ணில் படும்வரை, 85 வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தது.