தூளிக்குள்ள ஒரு ரோலிங் மில்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்திங்கிறது பாதிக் காரணம். மீதிக் காரணம் வீட்டுக்கு வந்திருக்கிற ஆறு கிலோ மேனேஜர். ராத்திரி ஒண்ணரைக்கு ஒரு மீட்டிங், மூணேகாலுக்கு ஒரு மீட்டிங், அஞ்சு மணிக்கு ரிவ்யூ. லீவு, பெர்மிஷன் எதுவும் கிடையாது. :-)

தங்கமணி பிரசவத்துக்குப் போனது திருத்தணிப் பக்கம், அவங்க அம்மா வீட்டுக்கு. அங்க ராத்திரி எட்டு மணிக்கு மேல தவளையும் சுவர்க்கோழியும்தான். பாப்பா சமத்தா தூங்கினா. மூணு மாசம் முடிஞ்சு இங்க கூட்டிட்டு வந்தோம். இங்கன்னா கும்மிடிப்பூண்டி, சிப்காட்டை ஒட்டின தெரு. வந்த முதல் நாளே ஆரம்பிச்சது கச்சேரி.

எங்க ஊரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். இங்க பழைய இரும்பை உருக்கற ஃபர்னஸும் கம்பி இழுக்கற ரோலிங் மில்லும் நிறைய. பெரிய கம்பெனிகளுக்குக் காலையும் சாயங்காலமும் உச்ச நேரத்துல கரண்ட்டுக்குக் கூடுதல் கட்டணம், ராத்திரி பத்து மணியிலேர்ந்து விடிகாலை அஞ்சு வரைக்கும் தள்ளுபடி. கரண்ட்டையே சோறா சாப்பிடற தொழில் எப்ப மும்முரமா நடக்கும்? ஊர் தூங்கறப்பத்தான். அதனால ராத்திரி எங்க தெருவுல எப்பவும் ஒரு 'ம்ம்ம்ம்' இருக்கும். அது பழகிடும், பிரச்சனை இல்ல. அதுக்கு நடுவுல லாரியிலேர்ந்து ஸ்கிராப்பைக் கொட்டுவாங்க பாருங்க, 'டமார்'னு ஒரு சத்தம். பின்னாடி வர்ற லாரி 'கீங் கீங்'ன்னு கத்தும். கூடூர் லைன்ல கூட்ஸ் வண்டி ஹாரன் அடிச்சிட்டுப் போகும். பாப்பாவை எழுப்பினது அந்த 'ம்ம்ம்ம்' இல்ல, இந்த 'டமார்'தான். ஒவ்வொரு டமாருக்கும் ரெண்டு கையையும் விரிச்சுத் தூக்கிப் போட்டு எழுந்திருவா. அப்புறம் ஒரு மணி நேரம் தோள்ல போட்டுக்கிட்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடைதான்.

வழி கண்டுபிடிச்சது அம்மா. கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றதை விட, தானா நடந்துச்சு. ஒரு சாயங்காலம் இட்லிக்கு மாவு அரைக்க கிரைண்டரைப் போட்டாங்க. அதுவரைக்கும் வீட்டையே ரெண்டாக்கிட்டு இருந்தவ அப்படியே கப்சிப். நாலு நிமிஷத்துல தூக்கம். "உன்னையும் இப்படித்தான் தூங்க வெச்சேன், உங்க தங்கச்சியையும் இப்படித்தான்"ன்னாங்க அம்மா. இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2012ல, சென்னையைத் தாண்டினா ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலயே கரண்ட் இல்லாம தவிச்ச காலம் ஞாபகம் இருக்கும். தங்கச்சி பையன் அப்ப கைக்குழந்தை. கரண்ட் போன அடுத்த நொடி அழுவான். வேர்க்கறதுக்கு முன்னாடியே, கொசு வர்றதுக்கு முன்னாடியே அழுவான். காத்து நின்னதாலன்னுதான் எல்லாரும் சொன்னோம். இப்ப யோசிச்சா, அந்த ஓட்டை டேபிள் ஃபேனோட சத்தம் நின்னதுதான் அவனை எழுப்பியிருக்கணும்.

இதுக்கு இங்கிலீஷ்காரன் வெச்ச பேர் 'ஒயிட் நாய்ஸ்'. வெள்ளை வெளிச்சத்துல எல்லா நிறமும் கலந்திருக்கிற மாதிரி, காதுக்குக் கேக்கற எல்லா சுருதியும் ஒரே அளவுல கலந்த இரைச்சல். டியூன் ஆகாத ரேடியோவுல வருமே 'உஸ்ஸ்ஸ்', அது. கிரைண்டரும் ஃபேனும் சுத்தமான ஒயிட் நாய்ஸ் கிடையாது, ஆனா வேலை அதேதான். அது செய்யறது ஒரு எளிமையான தந்திரம். டமார் சத்தத்தை அது நிறுத்தறதில்ல. அமைதிக்கும் டமாருக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தை நிரப்பிடுது. பள்ளம் இல்லன்னா தூக்கிப் போடாது. அதோட, வயித்துக்குள்ள இருந்தப்ப பாப்பா ஒண்ணும் அமைதியில இருந்தவ இல்ல. அம்மாவோட ரத்த ஓட்டமும் இதயமும் குடலும் போடற சத்தத்துக்கு நடுவுலதான் ஒன்பது மாசம் குடித்தனம்.

நம்ம ஊர் பாட்டிங்களுக்கு இது புதுசா என்ன? தோள்ல போட்டுக்கிட்டு 'ஷ்ஷ்ஷ்'ன்னு காதோரம் ஊதறது, நாக்கைச் சுழட்டி 'ரோ ரோ'ங்கிறது எல்லாம் இந்தக் கணக்குத்தான். 'தால்'னா நாக்கு, நாக்கை ஆட்டறதால தாலாட்டுன்னு பள்ளிக்கூடத்துல தமிழய்யா சொன்னது இப்பத்தான் உறைக்குது.

லண்டன்ல டாக்டர்கள் இதைப் பரிசோதிச்சே பார்த்திருக்காங்க. 1990ல வந்த ஆராய்ச்சி. பிறந்து ரெண்டு நாள்லேர்ந்து ஏழு நாளான 40 குழந்தைங்க, இருபது இருபதா ரெண்டு பிரிவு. சத்தம் கேட்ட இருபதுல 16 பேர் அஞ்சு நிமிஷத்துக்குள்ள தூங்கிட்டாங்க. கேக்காத இருபதுல அஞ்சே பேர். இதைப் படிச்சதும் தங்கமணி ஃபோன்ல ஒரு ஆப் இறக்கிட்டா. மழை, அருவி, கடல், ஹேர் டிரையர், ரயில்னு இருபது சத்தம் இருந்துச்சு. (ரயில் சத்தத்துக்குக் காசு கேட்டாங்க. எங்களுக்கு அது ஓசியிலயே கிடைக்குதுன்னு விட்டுட்டோம்.) அருவியைப் போட்டு, பழைய ஃபோனை தூளிக்குள்ள பாப்பா தலைமாட்டுல, துணி மடிப்புல செருகி வெச்சோம். டமாரை அமுக்கணுமேன்னு வால்யூம் முழுசு.

அன்னைக்கு அஞ்சு மணி நேரம் தூங்கினா. நாங்களும்தான். மறுநாள் காலையில உலகமே அழகா இருந்துச்சு. அப்படியே ரெண்டு வாரம்.

இப்ப அப்பாவைப் பத்திச் சொல்லணும். அப்பா 1989லேர்ந்து 24 வருஷம் இங்க ஒரு ரோலிங் மில்லுல வேலை பார்த்தவர். எந்த மில்லுன்னு வேணாம், விடுங்க. செக்கச்செவேல்னு வர்ற பில்லெட் ரோலுக்குள்ள நுழையறப்ப, கம்பியை வெட்டறப்ப வர்ற சத்தத்துக்குப் பக்கத்துல நின்னு, பக்கத்து ஆளோட கை ஜாடையிலயே பேசின மனுஷன். காதுக்கு வெச்சுக்க எப்பவோ ஒரு தடவை ரப்பர் மாதிரி ஒண்ணு குடுத்தாங்களாம். அது தொலைஞ்சதும் மெஷின் துடைக்கற காட்டன் வேஸ்ட்டைக் கிள்ளி அடைச்சுக்குவாராம்.

காது ஒரே நாள்ல போகல. முதல்ல குருவிச் சத்தம், சைக்கிள் பெல், குக்கர் விசில். அவர் அதைக் கவனிக்கவே இல்ல. அப்புறம் பேச்சுல 'ச', 'ஸ', 'த' எல்லாம் உதிர ஆரம்பிச்சது. யாரோ பேசறது கேக்கும், என்ன சொல்றாங்கன்னு புரியாது. வீட்டுல டிவியை அலற விட்டுட்டு, "எல்லாரும் ஏன் வாய்க்குள்ளயே பேசறீங்க?"ன்னு எங்களைத் திட்டுவார். காது மெஷின் வாங்கிக் குடுத்தோம். இரைச்சலையும் சேர்த்துப் பெருசாக்குதுன்னு பெட்டியில வெச்சுட்டார். உள்காதுல இருக்கிற மெல்லிசான மயிர் செல்கள்தான் சத்தத்தை நரம்புக்குச் சொல்லுது. மனுஷனுக்கு அது செத்தா திரும்ப முளைக்காது. 1948 தொழிற்சாலைச் சட்டத்துல, கண்டுபிடிச்சா அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்கள் பட்டியல்லயே இந்தச் செவிட்டுத்தன்மையைச் சேர்த்திருந்தாங்க. அப்பாவுக்கோ அவர் கூட வேலை பார்த்தவங்களுக்கோ அப்படி ஒரு பட்டியல் இருந்ததே தெரியாது.

ஒரு ராத்திரி பதினோரு மணி இருக்கும். தண்ணி குடிக்க எழுந்த அப்பா தூளிகிட்ட வந்து நின்னார். பேத்தியைப் பாக்கறார்னு நினைச்சேன். குனிஞ்சு காதைத் தூளிக்குள்ள வெச்சார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "என்னடா இது, எனக்கே கேக்குதேடா?"ன்னார்.

அவ்வளவுதான் சொன்னார். போய்ப் படுத்துட்டார்.

எனக்கு அதுக்கப்புறம் தூக்கம் வரல. தங்கமணி எழுந்து, "ஏங்க, மாமா என்ன சொன்னாரு?"ன்னா. சொன்னேன். உடனே தூளியிலேர்ந்து ஃபோனை எடுத்தா. பாப்பா எழுந்துட்டா. விடியற வரைக்கும் நடைதான்.

மறுநாள் என் ஃபோன்ல சத்தம் அளக்கற ஆப் ஒண்ணைப் போட்டு, பாப்பா தலை இருக்கிற இடத்துல வெச்சுப் பார்த்தேன். 81 டெசிபல். ஃபோன்ல அளக்கறது துல்லியம் இல்ல, ரெண்டு மூணு முன்னப்பின்ன இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா டெசிபல் கணக்கு மளிகைக்கடைக் கணக்கு இல்ல. 10 கூடினா சத்தத்தோட ஆற்றல் பத்து மடங்கு, 20 கூடினா நூறு மடங்கு. பெரியவங்க வேலை இடத்துக்கே எட்டு மணி நேரத்துக்கு 85க்கு மேல வேணாம்னு அமெரிக்காவுல சொல்றாங்க. நம்ம நாட்டுல ரொம்ப காலம் 90 வரைக்கும் விட்டு வெச்சிருந்தாங்க. மருத்துவமனையில பச்சைக் குழந்தைங்க இருக்கிற அறைக்கு அங்க சொல்ற அளவு 50. நான் என் பொண்ணு காதுல ஒரு ஷிப்ட் முழுக்க 81 ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன். அதுவும் ஓவர்டைமோட.

தேடினா, 2014ல கனடாவுல டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனைக்காரங்க இதுக்குன்னே விக்கற 14 மெஷினை வாங்கி அளந்து வெச்சிருக்காங்க. ஒரு அடி தூரத்துல முழு வால்யூம்ல 14ம் 50ஐத் தாண்டியிருக்கு. மூணு மெஷின் 85ஐயே தாண்டியிருக்கு. மெஷினே வேணாம்னு அவங்க சொல்லல. தொட்டிலுக்குள்ள வெக்காதே, முடிஞ்ச வரைக்கும் தள்ளி வை, வால்யூமைக் குறை, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் போடுன்னு சொன்னாங்க. ஓசைக்கு தூரம்தான் வைத்தியம். திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும். எங்க வீட்டு பத்துக்குப் பத்து ரூம்ல சுவத்துல மோதித் திரும்பி வர்றதால அவ்வளவு குறையாது, ஆனாலும் குறையும்.

இன்னொண்ணும் உறுத்துச்சு. 2003ல அமெரிக்காவுல எலிக்குட்டிகளைத் தொடர்ச்சியான இரைச்சல்லயே வளர்த்துப் பார்த்திருக்காங்க. காதுக்குக் கேடு இல்லாத மிதமான சத்தம்தான். ஆனா சத்தத்தைப் பிரிச்சு அறியற மூளைப் பகுதி முதிராம தள்ளிப் போயிருக்கு. இரைச்சலை நிறுத்தினதும் வளர்ச்சி திரும்பத் தொடங்கியிருக்கு. எலி வேற, பாப்பா வேற, தூங்கற நேரம் மட்டும் போடறது வேற. இருந்தாலும், பேச்சைக் கத்துக்கற வயசுல நாள் பூரா காதுல அருவி கொட்ட வேணாம்னு தோணுச்சு.

குழந்தை டாக்டர்கிட்ட போனோம். திட்டுவார்னு நினைச்சேன், சிரிச்சார். "போடுங்க, ஆனா ரூமோட அந்தக் கோடியில வெச்சுப் போடுங்க. தூங்கினதும் நிறுத்திடுங்க"ன்னார். ராத்திரி முழுக்கத் தூளி வேணாம், தட்டையான படுக்கையில மல்லாக்கப் போடுங்கன்னும் சொன்னார். அதுக்கு அம்மா இன்னும் முழுசா ஒத்துக்கல. பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருக்கு.

இப்ப ஃபோன் எதிர்ச் சுவத்து பரண் மேல. ஏழடி தூரம். வால்யூம் மூணுல ஒரு பங்கு. முக்கால் மணி நேரத்துல தானா நின்னுடும். பாப்பா தலைமாட்டுல அளந்தா 51 காட்டுது. வீட்டுக்குள்ள சும்மாவே 47 இருக்கு. 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 45, தொழிற்பேட்டைக்கு 70. எங்க தெரு எதுல சேர்த்தின்னு கேட்டு ரெண்டு மனு போட்டாச்சு. பதில் வந்தா சொல்றேன்.

முதல் நாலு ராத்திரி நரகம், பொய் சொல்ல மாட்டேன். 51 டெசிபல் அருவிக்கு டமார் அடங்காது. அப்புறம் எப்படியோ ஒரு வழிக்கு வந்துட்டா. இப்ப ராத்திரிக்கு ரெண்டு மீட்டிங்தான்.

கதை இத்தோட முடியல. ஆயுத பூஜை அன்னைக்கு மில்லு எல்லாம் பொட்டு வெச்சு, பொரி கடலை குடுத்து, மூடியாச்சு. 'ம்ம்ம்ம்' கிடையாது, ஸ்கிராப் லாரி கிடையாது. வருஷத்துல ஒரு நாள் எங்க தெருவுல நாய் நடக்கற சத்தம் கேக்கும். ஆஹா, இன்னைக்கு ஆப்பே வேணாம்னு பாப்பாவைத் தூங்க வெச்சோம். பன்னெண்டு மணிக்கு எழுந்தா பாருங்க! தங்கமணியும் முழிச்சுக்கிட்டா. அம்மா எழுந்து வந்து, "என்னமோ மாதிரி இருக்குதுடா"ன்னாங்க. எனக்கும்தான்.

அப்பா மட்டும் அசந்து தூங்கிட்டு இருந்தார். அஞ்சு மணி வாக்குல எழுந்து வந்தவர், நாங்க மூணு பேரும் உக்காந்திருக்கறதைப் பார்த்துட்டு பாப்பாவை வாங்கி மடியில போட்டுக்கிட்டார். அவ அவர் முகத்தைப் பார்த்து "ங்ங்கா"ன்னா. அது அவருக்குக் கேட்டுச்சு. திரும்ப "ங்ங்கா"ன்னார், வழக்கம் போலத் தெருவுக்கே கேக்கற மாதிரி. தங்கமணி மெதுவா எழுந்து ஜன்னலைச் சாத்தினா.