பெயரன்

ஆரணியில் எங்கள் நெசவுக் குடும்பத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர். பெயரன்தானே பேரன். முனுசாமி மகன் வரதராஜன், வரதராஜன் மகன் முனுசாமி. பக்கத்து வீட்டிலும் இதே இரண்டு பெயர்கள்தான். சாதிப் பெயரை விடச் சொல்லி 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அதற்கு முந்தைய பத்திரங்களில் அது இருந்தும் பயனில்லை, தெருவே முதலியார். வேல்ஸில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகி ஊரெல்லாம் ஜோன்ஸ் ஆனபோது, பண்ணையின் பெயரைச் சேர்த்து ஆளைப் பிரித்தார்கள். நமக்குச் செக்குபந்திதான்: நான்கு எல்லையிலும் யார் யார் என்பது.

கோயில் மதிலை ஒட்டிய வீட்டை வாங்கியவர் தன் தாத்தா என்றும், மேற்கு வீட்டார் அதை ஏமாற்றிப் பறித்தார்கள் என்றும் அப்பா சொல்வார். இரண்டு தலைமுறையாக அவர்களோடு பேச்சில்லை.

கிரயப் பத்திரம் கிடைத்தது. முனுசாமி முதலியாருக்கு முனுசாமி முதலியார் எழுதிக்கொடுத்தது, தறிக்குழிகள் உட்பட. செக்குபந்தியில் மேற்கே, 'கிரயம் பெறுபவரின் வீடு'. மேற்கு வீட்டார் இன்றும் அங்கேயே இருக்கிறார்கள். விற்றவர்தான் நம்மவர்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பெயரும் முனுசாமிதான்.

"இன்னொரு வாட்டி படி" என்றார். "விக்கிறவன் பேரை மட்டும்."