கைக்குழந்தையோடு கல்முனைக் கரைக்கு

பாடசாலை விடுமுறை நெருங்கியதும் வீட்டுக்கு வீடு ஒரே ஆலோசனைதான்: எங்கே போவது? தகப்பனார் நுவரெலியா என்பார். மூத்த பிள்ளை அறுகம்பை என்பான். இடுப்பில் ஒன்றும் கைப்பிடியில் ஒன்றுமாக நிற்கும் தாயாரை மாத்திரம் எவரும் கேட்பதில்லை. கேட்டால், "எங்கே போனாலும் எனக்கு அடுப்பும் பால்போத்தலும்தானே!" என்று அவர் சொல்லிவிடக் கூடும். அச்சொல்லில் உள்ள நியாயத்தை நாம் சிந்திக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு உகந்த பிரயாணம், பல இடங்களைப் பார்த்துத் திரும்புவதன்று. தாயும் இளைப்பாறித் திரும்புவதே.

இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் அம்பாறை மாவட்டத்துக் கடற்கரை மிகவும் பொருந்தி வருகிறது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் சென்றால் கல்முனை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒரே நெடுஞ்சாலையிற் கோத்த மணிகள்போல் அமைந்துள்ளன. முஸ்லிம்கள் வாழும் ஊர்களும் தமிழர் வாழும் ஊர்களும் அடுத்தடுத்து வரினும், எங்கும் காதில் விழுவது தமிழே. கிழக்கே கடல், மேற்கே வயல். மலையேற்றமும் வளைவுகளும் இல்லாமையால் குழந்தைகளுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் குறைவு. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதற்குள் குழந்தை அழத் தொடங்குவதற்கும் நேரமிராது!

புகையிரதப் பாதை மட்டக்களப்புடன் முடிந்துவிடுகிறது. தூர இடங்களிலிருந்து வருவோர் அங்கே ஓரிரவு தங்கி, குழந்தை நன்றாக உறங்கி எழுந்தபின் காலையிற் புறப்படுவது நலம். காலத்தையும் கருத வேண்டும். நவம்பர் முதல் சனவரி வரை வடகீழ்ப் பருவமழை கொட்டும், கடலும் குமுறும். ஆதலால் மார்கழி விடுமுறை ஆகாது. சித்திரை விடுமுறை ஏற்றது. ஆவணி விடுமுறையில் வருவோர் கச்சான் காற்றின் வறட்சியையும் உச்சி வெயிலையும் மனத்திற்கொண்டு, காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணிவரை குழந்தைகளை நிழலில் வைத்திருக்க வேண்டும்.

நாளொன்றுக்கு ஓர் இடம் போதும். ஒரு காலையில் கரைவலை இழுப்பதைக் காணலாம். வலை கரையேறும்போது துள்ளும் மீனைக் கண்டு வாய்பிளவாத குழந்தையில்லை. மற்றொரு நாள் மருதமுனையின் கைத்தறிகள். தறியின் ஓசையே சிறுவருக்கு ஒரு விளையாட்டு. தாயாருக்கு ஒரு சேலையும் தகப்பனாருக்கு ஒரு சாரமும் ஆதாயம். மாணவராகிய மூத்த பிள்ளைகளுக்குக் காரைதீவு உண்டு. 1892ஆம் ஆண்டு அவ்வூரிற் பிறந்தவரே யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகளார். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவைப் போற்றுவது. கொடியேற்ற விழாவின்போது பெருங்கூட்டம் திரளும். கைக்குழந்தையுள்ளோர் சாதாரண மாலையொன்றிற் செல்வதே சௌகரியம். சேனாநாயக்க சமுத்திரத்தைக் காணும் ஆசை இருப்பின், தகப்பனார் மூத்த பிள்ளைகளை அழைத்துச் செல்லட்டும். தாயும் சின்னவரும் அன்று தங்கிடத்திலேயே உறங்கட்டும்.

உணவைப் பற்றியும் கவலை வேண்டியதில்லை. மட்சட்டியில் உறைந்த எருமைத் தயிர் இப்பகுதியின் பெருமை. தயிரும் சோறும் பிசைந்து கொடுத்தால் உண்ணாத குழந்தை அரிது. மிளகாய் சேராத சொதியோடு இடியப்பமும் நன்று. குடிநீர் மாத்திரம் கொதித்தாறியதாக இருக்கட்டும். நுளம்பு வலையையும் மறவாதீர்கள். அறை தேடும்போது, கடல் தெரியுமா என்பதற்கு முன், உணவு சமைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். சமையலறையுள்ள வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டு, அதற்குள் தாயாரை அடைத்து வைப்பது விடுமுறையாகாது.

இக்கரையோரத்தில் ஒரு பழைய வழக்கமுண்டு. மகளுக்கு மணமாகும்போது வீடு அவளுக்கே சீதனமாகிறது. மருமகன் அவ்வீட்டுக்கு வந்து சேருகிறான். தாய்வழிக் குடிமுறை தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வழங்கி வந்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தன் உம்மாவும் ராத்தாவும் கூப்பிடு தூரத்திலிருப்பர். குழந்தையைத் தனியொருத்தி வளர்ப்பதில்லை என்பதை இவ்வூர்களின் ஒழுங்கைகளே சொல்லும். வந்திறங்கும் குடும்பத்தினர் இதிலிருந்து ஒன்றைக் கற்கலாம். விடுமுறையில் உடன் செல்ல ஒரு பாட்டியாரையோ சிற்றன்னையாரையோ அழைத்துக்கொண்டால் பாதிப் பாரம் குறையும். மீதிப் பாரத்தில் தகப்பனாரும் பங்கேற்பாரானால், தாயாருக்குக் கடற்காற்றில் அரை மணி நேரம் அமர்ந்திருக்கக் கிடைக்கும்.

கடலைப் பற்றி ஒரு சொல். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலையில் எழுந்த ஆழிப்பேரலையால் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகப் பெரிய இழப்பு இம்மாவட்டத்ததே. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் எத்தனையோ பிள்ளைகளை இழந்தன. நாம் விளையாட வரும் மணலில் அவ்வூரார் துயரம் கிடக்கிறது. அங்கே அடக்கத்தோடு நடப்பது நம் கடன். இது திறந்த கடல். அலை திரும்பும்போது சிறுகால்களை இழுத்துவிடும். குழந்தையின் கை பெரியவர் கையில் இருக்க, பாதம் நனைவதோடு நிறுத்துங்கள். தங்கும் இடத்திலிருந்து மேற்கு நோக்கி மேட்டுக்குச் செல்லும் வழி எதுவென்று வந்த அன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மாத் தொழுகைக்காகக் கடைகள் மூடப்படும். நோன்பு மாதத்தில் பகலில் உணவுக் கடைகள் பெரும்பாலும் திறவா. குழந்தைக்குரியதை முன்கூட்டியே சேகரித்துக்கொள்க. உடையில் அடக்கமும், பள்ளிவாசலுக்குள் செல்லுமுன் அனுமதி கேட்கும் பண்பும் இருந்தால் போதும்.

மூன்று வயதுக் குழந்தை பிற்காலத்தில் கல்முனையை நினைவுகூரப் போவதில்லை. எனினும், அலுக்காத தாயின் மடியிலே அந்நாட்களைக் கழித்த சுகம் அதன் உடலிலே ஊறியிருக்கும். அடுத்த விடுமுறைக்கு இடம் தேர்ந்தெடுக்கையில் முதற் கேள்வியைத் தாயாரிடமே கேளுங்கள்.