ஐம்பது ரூபாய்ப் புருவம்

அழகு நிலையங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைகிறது என்று செய்தி வந்த வாரம், தோழி ஒருத்தி போனில் சிரித்தாள். "எங்க அக்கா கடைக்கு வந்து கேளு, அவங்களுக்கு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு." அவள் சொன்ன அக்கா உறவுக்காரர் இல்லை. திருச்சி உறையூரில், சாலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவர். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நானும் அக்கா என்றே எழுதுகிறேன்.

வரி விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஒரு ஜோடிப் புருவத்துக்கு அக்கா வாங்குவது 50 ரூபாய். புருவத்தை மட்டுமே நம்பி அந்த 20 லட்சத்தைத் தொடுவதென்றால் வருஷத்துக்கு 40,000 ஜோடி எடுக்க வேண்டும். ஒரு நாள்கூடக் கடையைப் பூட்டாமல், நாளைக்கு நூற்றுப்பத்துப் பேர். "வரின்னு ஒண்ணு இருந்தாத்தானே மேடம் குறையறதுக்கு?" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணின் புருவத்தில் பவுடரைத் தட்டினார். பவுடர் வாசனைக்கு இல்லை. தோலில் எண்ணெய்ப் பசை இருந்தால் நூல் வழுக்கும்.

அங்கே ஃபேஷியலும் நடந்தது, பிளீச்சும் நடந்தது. அவற்றை வேடிக்கை பார்க்க எனக்குப் பொறுமை இல்லை, எழுதவும் ஒன்றும் தோன்றவில்லை. என்னை ஸ்டூலோடு கட்டிப்போட்டது அந்த நூல்தான்.

சாதாரணப் பருத்தி நூல். ரீலிலிருந்து இரண்டு முழம் உருவிக்கொள்கிறார். ஒரு முனை பல்லிடுக்கில். மறுமுனையை இடது கை பிடித்துக்கொள்ள, நடுவில் வலது கை விரல்களை நுழைத்து ஏழெட்டு முறுக்கு. இப்போது முறுக்குக்கு இந்தப் பக்கம் ஒரு முக்கோணம், அந்தப் பக்கம் ஒரு முக்கோணம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிந்தால் முறுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. மூடினால் திரும்பி வருகிறது. ஓடுகிற வழியில் நிற்கும் முடி முறுக்கில் மாட்டி, வேரோடு வந்துவிடுகிறது. ஸ்ர்க், ஸ்ர்க் என்று ஒரு சத்தம். பிளக்கரில் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியதை இது ஒரு வரிசையாக எடுத்துவிடும். கண்ணிமைக்கு மேலே நூலிழை கனத்தில் நேர்க்கோடு விழுவது அதனால்தான்.

பார்க்கச் சுலபமாக இருக்கிறது. நூலை முடி சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக ஓட்ட வேண்டும் என்றார் அக்கா. முறுக்கு தளர்ந்தாலோ கை தயங்கினாலோ முடி வேரோடு வராமல் பாதியில் அறும். அறுந்தது நாலைந்து நாளில் குத்திக்கொண்டு எழும். "ஒரு வாரத்துலயே வளர்ந்துடுச்சுன்னு சொல்வாங்க. வளரல மேடம், எடுத்தவங்க சரியா எடுக்கல." படுத்திருப்பவருக்கும் இதில் வேலை உண்டு. ஒரு கையால் இமையைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும், மறு கையால் நெற்றியை மேலே. "டைட்டா பிடிங்க, இன்னும் டைட்டா" என்பதுதான் அந்த அறையில் அதிகம் கேட்கும் வசனம். தோல் தொய்ந்திருந்தால் முடியோடு தோலும் முறுக்கில் சிக்கிக் கிழியும்.

நூல் வைத்து முடி எடுப்பது ஈரானிலும் துருக்கியிலும் எகிப்திலும் பழைய பழக்கம். ஈரானில் மணப்பெண்ணுக்கு முதன்முதலாக முகத்தில் நூல் போடுவதைச் சடங்காகவே செய்திருக்கிறார்கள். அக்காவின் அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதே சட்டம்தான்: கல்யாணம் ஆகாத பெண் புருவத்தில் கை வைக்கக் கூடாது. அந்த அம்மா உறையூரில் சுருட்டுச் சுற்றியவர். எண்ணிக்கைக்குக் கூலி, சுற்றச் சுற்றத்தான் காசு. திருச்சிச் சுருட்டு கப்பலேறி லண்டன் வரை போன காலமெல்லாம் அவருக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. மகள் பத்தாவது முடித்து, தையல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தில்லை நகரில் ஒரு பார்லரில் சேர்ந்தார்.

அங்கே ஆறு மாதம் யார் முகத்தையும் தொட விடவில்லை. தரையில் விழுந்த முடியைப் பெருக்குவது, துண்டு துவைப்பது, டீ வாங்கி வருவது. நூல் பிடிக்கும் விதத்தை ஓரக்கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டு, ராத்திரி வீட்டில் பாவாடையை முழங்கால் வரை ஏற்றிவிட்டுத் தன் காலிலேயே பழகியிருக்கிறார். கெண்டைக்காலில் முடி தீர்ந்ததும் தங்கையின் கால். "அவ அழுவா. அஞ்சு ரூபா குடுத்தா நிறுத்திடுவா."

அக்கா சிரிக்கும்போதுதான் கவனித்தேன். மேல்வரிசை முன்பல் ஒன்றின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. நூல் எப்போதும் உட்காரும் இடம் அது. வருஷக்கணக்காக ஓடி ஓடிப் பல்லின் பளபளப்பை அரித்து, தனக்கென்று ஒரு பள்ளம் செய்துகொண்டிருக்கிறது. 2020இல் கொரோனா வந்து கடைகள் மூடித் திறந்தபோது, வாயில் நூல் வைப்பதைப் பார்த்தாலே வாடிக்கையாளர்கள் எழுந்து போனார்கள். அதனால் நூலை வளையமாகக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுக்கப் பழகினார். இன்றைக்கும் முகம் தெரியாதவர்களுக்குக் கழுத்து நூல், பழகினவர்களுக்குப் பல் நூல். பல்லில் பிடித்தால் தலையை இம்மியளவு அசைத்தே இழுவையைக் கூட்டிக் குறைக்கலாம். கழுத்தில் என்றால் மேலுடம்பு மொத்தமும் பின்னால் போக வேண்டும். பிடரியில் ஒரு கறுத்த கோடு விழுந்திருக்கிறது. சாயங்காலம் அதில் சுளீரென்று வலி. பல்லைக் காப்பாற்றப் போய்க் கழுத்தைக் கொடுத்தாயிற்று என்று வேறு ஒருவர் சொல்லியிருந்தால் புலம்பலாக இருந்திருக்கும். அக்கா பஸ் கட்டணம் ஏறியதைச் சொல்வது போலச் சொன்னார்.

அன்றைக்கு மதியம் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தார். அடங்காத புருவம். அடர்த்தியைக் குறை சொல்ல முடியாது, திசைதான் சிக்கல். மூக்குப் பக்கம் தொடங்கும் இடத்தில் முடி கீழ்நோக்கிச் சுழன்று கண்ணுக்குள் எட்டிப் பார்க்கிறது. வால் பக்கம் இரண்டு மூன்று முடி மேல்நோக்கி விறைத்து நிற்கிறது. இதுவரை போன கடைகளிலெல்லாம் சுழலை மொத்தமாக வழித்து எடுத்துவிட்டார்கள். அதனால் இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு மைதானம். முகம் எப்போதும் திகைத்தது போல இருக்கிறது என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறாராம்.

அக்கா நூலை முறுக்கவில்லை. நேராகப் பிடித்து, மூக்கின் பக்கவாட்டு ஓரத்திலிருந்து கண்ணின் உள்முனை வழியாக மேலே வைத்துப் பார்த்தார். புருவம் தொடங்க வேண்டிய இடம் அது. பிறகு அதே மூக்கோரத்திலிருந்து கண்ணின் வெளிமுனை வழியாக: வால் முடியும் இடம். அளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்த அகாடமியிலும் முதல் நாள் பாடம். அதற்கப்புறம் அவர் செய்தது பாடத்தில் இருக்குமா தெரியவில்லை. சின்னப் பிரஷ்ஷால் சுழலை மேல்நோக்கிச் சீவி, எந்த முடி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றார். இடமாகச் சீவினார், வலமாகச் சீவினார். கத்தரிக்கோலை எடுத்து, ஓரம் தாண்டிய நுனிகளை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டினார், வேரைத் தொடாமல். "இதைப் பிடுங்கினா அடுத்த தடவை இன்னும் முரடா வரும்னு நீங்க நினைக்கறீங்க. எனக்குப் பயம் அது இல்ல. வராமலே போயிடும்."

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. தலைமுடி ஆண்டுக்கணக்கில் வளரும். புருவ முடி ஒன்றிரண்டு மாதம் வளர்ந்து நின்றுவிடும். அது இடுப்பு வரை நீளாமல் இருப்பது அதனால்தான். ஒரே வேரைத் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் ஒரு கட்டத்தில் வேர் ஓய்ந்துவிடுகிறது. பென்சில் கோடு போல மெலிந்த புருவம்தான் அழகு என்று ஒரு காலம் இருந்தது. அன்றைக்கு வழித்துத் தள்ளியவர்கள் இன்றைக்கு ஐம்பதை நெருங்கி, அடர்த்தியான புருவம் ஃபேஷனாகிவிட்ட நேரத்தில், இல்லாத முடியைப் பென்சிலால் வரைந்துகொண்டிருக்கிறார்கள். விளக்கெண்ணெய் தடவினால் வளரும் என்று அக்கா அவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எண்ணெய்ப் பிசுக்கில் முடி படிந்து கொஞ்சம் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான் என்றேன். "தெரிஞ்சா போதாதா?" என்றார்.

வங்கிப் பெண்ணுக்கு இருபது நிமிடம் பிடித்தது. அதற்கும் 50 ரூபாய்தான். அவர் பையைத் துழாவிக்கொண்டே, "போன தடவை வேற இடத்துல நாப்பதுதான் குடுத்தேன்" என்றார். திகைத்த முகம் கிடைத்த அதே இடமாக இருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. நூலுக்கு ஆகும் செலவு பத்துப் பைசா என்று வைத்துக்கொண்டால் மீதிப் பணம் கண்ணுக்கும் கழுத்துக்கும் பல்லுக்குமான கூலி. அதில்தான் பத்து ரூபாய் குறைத்துக் கேட்கிறோம். குளிரூட்டிய பெரிய சலூனில் இதே வேலைக்கு இரண்டு மூன்று மடங்கு கேட்டாலும் மூச்சுவிடாமல் கார்டைத் தேய்க்கிறோம். அந்தப் பணமாவது எடுத்தவர் கைக்குப் போகிறதா? அக்கா அப்படி ஒரு இடத்தில் சில வருஷம் இருந்திருக்கிறார். மாதச் சம்பளம், அதன் தலைமேல் டார்கெட். புருவத்துக்கு வந்தவரை ஃபேஷியலுக்கு மடக்க வேண்டும், ஃபேஷியலுக்கு வந்தவரிடம் கிரீம் விற்க வேண்டும். புருவம் எவ்வளவு நன்றாக எடுத்தாலும் அது கணக்கிலேயே வராது, சின்ன பில்.

செல்போன் செயலி வந்ததும் இடைத்தரகர் ஒழிந்தார் என்றார்கள். ஒழியவில்லை, போனுக்குள் குடியேறிவிட்டார். 2021 அக்டோபரில் அர்பன் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய் அழகுக்கலை வேலை செய்த பெண்கள் குருகிராமில் அதன் அலுவலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். கமிஷன் அதிகம், அபராதம் அதிகம் என்பது புகார். அந்த டிசம்பரில் மறுபடி போராடியபோது நிறுவனம் அவர்களுக்கு எதிராக நீதிமன்றத்துக்குப் போனது. 'கூட்டாளிகள்' என்றுதான் அவர்களுக்குப் பெயர். கூட்டாளி மேல் வழக்குப் போடும் வியாபாரம் எனக்குப் புரியவில்லை. அகாடமிகள் இன்னொரு பக்கம். லட்சத்தைத் தொடும் கட்டணம், பட்டமளிப்பு விழா, சட்டம் போட்ட சான்றிதழ். ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி ஒரு வருடப் படிப்பாக இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

சான்றிதழ் பேச்சு வந்ததால் டெக்சாஸ் கதையைச் சொன்னேன். நூலால் புருவம் எடுப்பவர்களும் 750 மணி நேரம் அழகுக்கலை படித்து உரிமம் வாங்க வேண்டும் என்று அந்த அமெரிக்க மாநிலத்தில் விதி இருந்தது. படிப்பில் கணிசமான பகுதிக்கும் நூலுக்கும் சம்பந்தமே இல்லை. பட்டேல் என்பவரும் புருவம் எடுக்கும் சிலரும் வழக்குப் போட்டார்கள். 2015 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அக்கா நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "750 மணி நேரமா? நான் தரை பெருக்கினதே அதுக்கு மேல இருக்கும்."

அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து ஒரு பெண் துடைப்பத்தோடு வந்தாள். பதினெட்டு, பத்தொன்பது வயது. வந்து நாலு மாதமாகிறது. இன்னும் யார் முகத்தையும் தொட்டதில்லை. சம்பளம் என்ன என்று கேட்டேன். அவள் அக்காவைப் பார்த்தாள். "பஸ் காசு குடுக்கறேன், மதியம் சாப்பாடு போடறேன்" என்றார் அக்கா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அகாடமிக்குப் போனா இவ லட்சம் கட்டணும். இங்க கட்ட வேணாம்ல? இவ கையில குடுத்து ஒருத்தர் புருவம் கிழிஞ்சா அந்தத் தெருவே வராது. கடை வாடகை யாரு கட்டுவா?" என்றார். கொஞ்சம் முன்னால் டார்கெட்டைப் பற்றிப் பேசியபோது அவர் குரலில் இருந்த சூடு இப்போதும் இருந்தது. என்னிடம் பதில் இல்லை. இந்தக் கணக்கில் 50 ரூபாயை யாருக்கெல்லாம் பிரித்துக் கொடுப்பது என்று யோசித்தால் கடைசியில் துடைப்பம் பிடித்தவள் பங்குக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அக்காவுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார். பூனைமுடி தெரிவதில்லை என்று ரிங் லைட் ஒன்று வாங்கி நாற்காலிக்கு மேலே வளைத்து வைத்திருக்கிறார். இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. அதற்குள் இந்தப் பெண் தேறிவிடுவாள், கடையைப் பார்த்துக்கொள்வாள்.

அக்கா கீழே டீ சொல்லப் போனதும் அவளிடம் கேட்டேன், கால்ல பழகறியா என்று. சுடிதார் பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். ஒரு பக்கம் சுத்தமாக இருந்தது. இன்னொரு பக்கம் சிவந்து, பாதி முடி அறுந்து நின்றது. "இடது கை இன்னும் வரல மேடம்" என்றாள். எப்போது முகத்தில் எடுக்க விடுவார்களாம்? "தீபாவளிக்கு அப்புறம்னு சொல்லியிருக்காங்க." கடையைப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டதற்கு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவள் சித்தி பெண் துபாயில் ஒரு சலூனில் இருக்கிறாளாம். நூல் மட்டும் நன்றாகப் போடத் தெரிந்தால் போதும், விசா அவர்களே எடுத்துக்கொடுப்பார்களாம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று.